சமாதானத்துக்கு ஃபண்டு உண்டு

மோதலுக்கு உள்ளான சமூகங்களிடையே நம்பிக்கையை வளர்ப்பது, சமூக நல்லிணக்கத்தை வலுப்படுத்துவது, வளர்ச்சி ஆய்வின் வழியாக அமைதியைக் கட்டியெழுப்புவது. வெளிநாட்டு நிதி நிறுவனங்களின் அறிவிப்புகள் எல்லாம் ஒரே அச்சில் அறுத்த செங்கல் மாதிரி இப்படித்தான் இருக்கின்றன. நம்ம பசங்க விடுதி அறையில் ராத்திரி ஒரு மணிக்கு உட்கார்ந்து இந்த அச்சுக்குள் தங்கள் ஊரைத் திணித்துக்கொண்டிருக்கிறார்கள். "அண்ணே, 'மோதலின் தரப்புகள்'னு ஒரு கட்டம் இருக்கு. ஒண்ணாம் தரப்பு, ரெண்டாம் தரப்புன்னு கேக்குறான். அதுல எதுல நம்மள எழுதுறது?" என்று ஒரு தம்பி கேட்டான். சரியான கேள்வி. இந்தக் கட்டுரையே அந்தக் கட்டத்தைப் பற்றியதுதான்.

மேலவளவில் எது ஒண்ணாம் தரப்பு? ஊராட்சித் தலைவர் பதவி தலித்துக்கு ஒதுக்கப்பட்டது. 1996ல் தேர்தல் நடத்தவிடாமல் வாக்குப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கடைசியில் முருகேசன் நின்றார், ஜெயித்தார். 1997 ஜூன் 30 அன்று மதுரையில் கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பி வந்தபோது அவரையும் உடன் வந்தவர்களையும் வழிமறித்து வெட்டிக் கொன்றார்கள். வெட்டியவன் ஒரு தரப்பு, வெட்டுப்பட்டவன் இன்னொரு தரப்பு. இரண்டு பேருக்கும் இடையில் 'நம்பிக்கைக் குறைபாடு' என்று விண்ணப்பத்தில் எழுத வேண்டுமாம். படிவத்தை வடிவமைத்தவன் ஜெனிவாவிலோ லண்டனிலோ நல்ல மனதோடுதான் உட்கார்ந்திருப்பான். அவன் மனசு நமக்குப் பிரச்சினை இல்லை. அந்தக் கட்டம்தான் பிரச்சினை.

சமாதானம் என்கிற சொல் நமக்குப் புதுசு கிடையாது. அதற்கு நம்ம ஊரில் ஒரு இடமும் நேரமும் உண்டு. தாலுகா ஆபீஸ், பகல் பதினோரு மணி. ஆர்.டி.ஓ. நடுவில், டி.எஸ்.பி. பக்கத்தில், இந்தப் பக்கம் காலனிக்காரங்க பத்துப் பேர், அந்தப் பக்கம் ஊர்க்காரங்க பத்துப் பேர். டீ வரும். "ரெண்டு பக்கமும் விட்டுக்குடுத்துப் போகணும்" என்று அதிகாரி பேசுவார். அவர்கள் எதை விட்டுக்கொடுக்கிறார்கள்? பொதுப்பாதையில் நாம் நடப்பதை. அதாவது ஏற்கெனவே நம்முடையதை. நாம் எதை விட்டுக்கொடுக்கிறோம்? 1989ஆம் வருச வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொடுத்த புகாரை. கையெழுத்துப் போட்டு வெளியே வந்தால் 'சுமுகத் தீர்வு' என்று மறுநாள் பேப்பரில் வரும். சேரிக்காரனுக்கு சமாதானம் என்றால் கேஸ் வாபஸ். இது அகராதியில் இல்லாத பொருள்தான், ஆனால் நம்ம ஜனங்க யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவாங்க.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அமைதி ஆய்வு என்கிற படிப்பையே தொடங்கிவைத்தவர்களில் ஒருவரான நார்வேக்காரர் யோகான் கால்டுங், 1969லேயே 'அமைப்பு வன்முறை' என்று எழுதிவிட்டார். கத்தி தூக்கினால்தான் வன்முறை என்றில்லை. ஒருவன் பிழைக்க முடிந்தும் பிழைக்காமல் சாகும்படி ஒரு சமூக ஏற்பாடு இருந்தால் அதுவே வன்முறை என்றார். வெறும் சண்டையில்லாத நிலை ஒரு அரைகுறை அமைதி, நீதியோடு கூடியதுதான் முழு அமைதி என்றார். ஆக, தத்துவம் நம்ம பக்கம் இருக்கிறது. அதே நாடுகளிலிருந்து வருகிற விண்ணப்பப் படிவம் மட்டும் ஆர்.டி.ஓ. பக்கம் உட்கார்ந்திருக்கிறது. தத்துவம் எழுதுகிறவன் வேறு, செக் எழுதுகிறவன் வேறு.

சரி, நமக்கான தலைப்பில் நாமே அந்தப் பணத்தைக் கொண்டு ஆய்வு செய்தால் என்ன ஆகும்? செய்தார்கள். குஜராத்தில். அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நம்ம இயக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இந்தக் கதை தெரியவில்லை.

1986 ஜனவரியில் குஜராத்தின் கோலானா கிராமத்தில் நிலம் கேட்டதற்காக தலித்துகள் நால்வரை ஆதிக்கச் சாதியினர் கொன்றார்கள். அவர்களோடு வேலை செய்துகொண்டிருந்தவர் மார்ட்டின் மக்வான். அந்த ரத்தத்தின் மேல் நின்று அவர் தொடங்கியதுதான் நவ்சர்ஜன் அறக்கட்டளை. வன்கொடுமை வழக்கு, குறைந்தபட்சக் கூலி, கையால் மலம் அள்ளும் கொடுமை என்று ஊர் ஊராக வேலை. வெளிநாட்டு நிதி வாங்கினார்கள், ஒளிக்கவில்லை. 2010 ஜனவரியில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 1589 கிராமங்கள். கோயிலுக்குள் விடுகிறானா, ஒரே கிணற்றில் தண்ணி எடுக்கலாமா, டீக்கடையில் தனிக் கிளாஸா, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக்கு எங்கே உட்காருகிறார்கள், நம்மாளுகளுக்குள்ளேயே யார் யாரை ஒதுக்குகிறார்கள் என்பது வரைக்கும் கேட்டார்கள். இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்க தைரியம் வேண்டும். அமெரிக்காவின் ராபர்ட் எஃப். கென்னடி மையம் கூட நின்றது. நாட்டர்டாம் பல்கலைக்கழகத்தின் குரோக் அமைதி ஆய்வு நிறுவனத்து அறிஞர்கள் புள்ளிவிவரத்தைத் தொகுக்கக் கைகொடுத்தார்கள். ஆமாம், அமைதி ஆய்வு நிறுவனம்தான். பத்தில் ஒன்பது கிராமங்களில் தலித் கோயிலுக்குள் போக முடியாது என்று வந்தது முடிவு. 'துடிப்பான குஜராத்' என்று ஊரெல்லாம் விளம்பரம் பண்ணிக்கொண்டிருந்த காலம் அது.

அரசாங்கம் என்ன செய்தது? தீண்டாமையை ஒழிக்கப் போகவில்லை. ஆய்வை ஒழிக்கப் போனது. அகமதாபாத்தில் உள்ள செப்ட் பல்கலைக்கழகத்தை வைத்துப் பதிலாய்வு ஒன்று செய்தார்கள். எத்தனை கிராமங்களில் தெரியுமா? 5. ஐந்தே கிராமம். தீண்டாமைப் பேச்சை ஏதோ ஆளுக்காள் மாறுகிற கண்ணோட்ட விசயமாக அந்த அறிக்கை சுருக்கிப்போட்டது. கிணற்றடியில் குடத்தோடு எட்டி நிற்கிறவளுக்குக் கண்ணோட்டக் கோளாறாம்.

அதோடு முடிந்ததா? 2016 ஜூலையில் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்த இளைஞர்களைக் காரில் கட்டிவைத்து அடித்தார்கள். குஜராத் தலித்துகள் தெருவில் இறங்கினார்கள். அந்த வருசம் டிசம்பரில் மத்திய உள்துறை அமைச்சகம் நவ்சர்ஜனின் வெளிநாட்டு நிதி அனுமதியை ரத்து செய்தது. சொன்ன காரணத்தை நிதானமாகப் படியுங்கள்: மத, இன, சமூக, மொழி, வட்டாரக் குழுக்கள், சாதிகள், சமூகங்கள் ஆகியவற்றுக்கு இடையே உள்ள நல்லிணக்கத்துக்குக் கேடு செய்யும் நடவடிக்கையாம். சாதிகளுக்கு இடையே உள்ள நல்லிணக்கம்! அந்த நல்லிணக்கம் எந்த ஊரில் இருக்கிறது, அதை எந்த மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள்? சம்பளம் கொடுக்க வழியில்லாமல் பல வருசம் கூட உழைத்த களப்பணியாளர்களை நவ்சர்ஜன் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நிதி அறிவிப்பில் உள்ள சொல், நல்லிணக்கம். நிதியைப் பிடுங்கிய ஆணையில் உள்ள சொல், நல்லிணக்கம். கொடுக்கிறவனும் பிடுங்குகிறவனும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நிற்கும்போது, அந்தச் சொல்லை நாமும் எடுத்து விண்ணப்பத்தில் தலைப்பாகப் போட்டால் என்ன அர்த்தம்? நாளைக்கு நம்மைப் பூட்டப் போகிற பூட்டுக்கு இன்றைக்கு நாமே சாவி செய்து கொடுக்கிறோம் என்றுதான் அர்த்தம்.

வங்கியில் எழுத்தனாக இருப்பதில் ஒரு லாபம், பணம் எந்த வாசல் வழியாக வருகிறது என்று பார்க்கப் பழகிவிடும். வெளிநாட்டு நன்கொடை முறைப்படுத்தும் சட்டம் முதலில் வந்தது 1976ல், நெருக்கடி நிலைக் காலத்தில். 2010ல் புதுச்சட்டம் வந்தது. அதன் கீழ் வந்த விதியில் மறியல், பந்த், ரயில் மறியல், சிறை நிரப்பும் போராட்டம் என்று போகிற அமைப்பை 'அரசியல் தன்மை' உள்ளது என்று முத்திரை குத்த இடம் வைத்தார்கள். கட்சி அரசியலோடு தொடர்பில்லாத அமைப்புகளுக்கு அது பொருந்தாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. அதே 2020 செப்டம்பரில் சட்டத்தையே இன்னும் இறுக்கினார்கள். கன்னியாகுமரியில் இருந்தாலும் சரி, காஷ்மீரில் இருந்தாலும் சரி, வெளிநாட்டுக் காசு முதலில் வந்து விழ வேண்டியது புதுதில்லி நாடாளுமன்றச் சாலையில் உள்ள ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில்தான். நிர்வாகச் செலவு 50 விழுக்காடு வரை போகலாம் என்றிருந்ததை 20 ஆக்கினார்கள். வக்கீல் கட்டணமும் ஆபீஸ் வாடகையும் கணக்கெழுதும் கூலியும் இந்த 20க்குள் அடங்க வேண்டும். கண் ஆஸ்பத்திரி கட்டுகிறவனுக்கு இது ஒரு விசயமே கிடையாது. வன்கொடுமை வழக்கு நடத்துகிறவனுக்குச் செலவே அதுதானே?

இதைவிடக் கொடுமையான ஒரு பிரிவு இருக்கிறது. பேப்பர்காரன் அதைப் பெரிதாக எழுதவில்லை. ஒரு அமைப்பு வாங்கிய வெளிநாட்டு நிதியை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கக் கூடாது. முன்னெல்லாம் நகரத்துப் பெரிய அமைப்பு வாங்கும். தாலுகா அளவில் ஒரு ஓட்டுக் கட்டடத்தில், நாலைந்து தலித் பெண்கள் நடத்துகிற சின்ன அமைப்புக்கு அதில் ஒரு பங்கு வரும். ஆங்கிலத்தில் அறிக்கை எழுதத் தெரியாத, டெல்லியில் ஆள் இல்லாத அந்தச் சின்ன அமைப்புக்கு வேறு வாய்க்கால் கிடையாது. 2020ல் அந்த வாய்க்காலை மண்ணைப் போட்டு மூடினார்கள். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தம் செல்லும் என்றது. பெரிய மடைக்காரன் தப்பித்துவிட்டான். கடைமடை காய்ந்தது.

வெளிநாட்டுப் பணம் என்றாலே தேசத்துரோகம் என்று பேசுகிற இந்த யோக்கியர்கள் தங்கள் வீட்டு வாசலை எப்படி வைத்திருக்கிறார்கள்? வேதாந்தா குழுமத்துக் கம்பெனிகளிடமிருந்து நன்கொடை வாங்கியதன் மூலம் காங்கிரசும் பாரதிய ஜனதாவும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை மீறிவிட்டன என்று 2014 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தண்டனை வந்ததா? சட்டத்தையே மாற்றினார்கள். 2016 நிதிச் சட்டத்தில் 'வெளிநாட்டு மூலம்' என்பதன் விளக்கத்தை முன்தேதியிட்டுத் திருத்தினார்கள். அது போதவில்லை என்று 2018ல் மறுபடி ஒரு திருத்தம், இந்தத் தடவை முன்தேதி 1976 வரைக்கும் போனது. நாற்பத்திரண்டு வருசக் குற்றத்தை ஒரே வரியில் கழுவிவிட்டார்கள். அதே வேதாந்தாவின் ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொல்லி ஊர்வலம் போனவர்களைத்தான் 2018 மே 22ல் தூத்துக்குடியில் சுட்டார்கள். 13 பேர் பலியானார்கள். 2020ல் பிரதமர் பெயரில் தொடங்கிய கொரோனா நிதிக்கும் இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. சட்டம் யாருக்கு என்பது தெரிகிறதா? குறவர் குடியிருப்பில் இரவுப் பள்ளி நடத்துகிறவனுக்கு.

கூடங்குளத்திலும் இதேதான். 2012 பிப்ரவரியில் மன்மோகன் சிங், அமெரிக்க, ஸ்காண்டிநேவியத் தொண்டு நிறுவனங்கள்தான் போராட்டத்துக்குப் பின்னால் இருக்கின்றன என்றார். கட்டுமரத்துக்காரன் தன் கடலுக்காகத் தானே யோசித்திருப்பான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. டெல்லி ஆட்சியில் கட்சி மாறும். இந்தப் பேச்சு மாறாது.

வெளியிலும் இவர்கள் கை நீளும். கோபன்ஹேகனிலிருந்து இயங்குகிற சர்வதேச தலித் ஒருமைப்பாட்டு வலையமைப்பு, ஐ.நா. பொருளாதார சமூக மன்றத்தில் ஆலோசனைத் தகுதி கேட்டு விண்ணப்பித்தது. இந்திய அரசாங்கம் கேள்விக்கு மேல் கேள்வி கேட்டே அதை 15 வருசம் இழுத்தடித்தது. 2022 டிசம்பரில்தான் கிடைத்தது. ஐ.நா. மண்டபத்தில் 'சாதி' என்று ஒரு சொல் ஒலிப்பதற்கு இத்தனை வருசம்.

இந்த இடத்தில் நம்ம இடதுசாரித் தோழர்கள் எழுந்து நிற்பார்கள். "பார்த்தீர்களா, ஏகாதிபத்தியப் பணத்தை வாங்கினால் இப்படித்தான். தன்னார்வக் குழுக்கள் எல்லாம் போராட்டத்தைத் தணிக்க வந்த தண்ணி லாரிகள்." தோழர், பாதி சரி. மீதிப் பாதியில் பதில் சொல்லுங்கள். எந்தப் பணம் சுத்தம்? 2010 காமன்வெல்த் விளையாட்டுக்கு டெல்லி அரசாங்கம் எங்கிருந்து எடுத்தது? தாழ்த்தப்பட்டோர் சிறப்புக் கூறு திட்டத்திலிருந்து 600 கோடி ரூபாய்க்கு மேல். சுத்தமான சுதேசிப் பணம், நம்ம பேரில் ஒதுக்கிய பணம். அதில் ஸ்டேடியத்துக்கு விளக்குப் போட்டார்கள். 1979லேயே அந்தத் திட்டம் வந்துவிட்டது. அதைச் செலவழித்தே தீர வேண்டும் என்று ஒரு சட்டம் கொண்டுவர தமிழ்நாட்டுக்கு 2024 வரைக்கும் ஆயிற்று. இடையில் இருந்த நாற்பத்தைந்து வருசத்தில் இதற்காக எத்தனை தடவை நீங்கள் கோட்டை முன் மறியல் பண்ணினீர்கள்? கட்சி ஆபீஸ் கட்ட வசூலித்தீர்களே, அதில் மிராசுதார் காசு இல்லையா?

பணத்தின் பிறப்பைப் பார்த்துத் தீட்டு சொல்வது நமக்கு ஆகாது. தீட்டு என்பதே நமக்கு ஆகாத விசயம். 1913ல் அம்பேத்கர் கொலம்பியாவுக்குப் படிக்கப் போனது பரோடா மகாராஜா கொடுத்த மாசம் பதினொன்றரைப் பவுனில். மூன்று வருசத்துக்கு. திரும்பி வந்து பத்து வருசம் சமஸ்தானத்தில் வேலை செய்ய வேண்டும் என்று பத்திரம் எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் கப்பல் ஏறினார். ராஜா காசுதான். ஆனால் 1916ல் அவர் அங்கே வாசித்த ஆய்வு சாதியின் தோற்றத்தைப் பற்றியது. அகமணமுறைதான் சாதியின் உயிர்நாடி என்று இருபத்தைந்து வயதில் சொல்லிவிட்டார். பரோடாவின் 'சமூக நல்லிணக்கம்' பற்றி யாரும் அவருக்குத் தலைப்பு எடுத்துக் கொடுக்கவில்லை. 2007ல் சுகதேவ் தோராட்டும் அமெரிக்கரான பால் ஆட்வெலும் செய்ததும் இதே ரகம்தான். 548 வேலை விளம்பரங்களுக்கு 4808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதி எல்லாம் ஒன்று, பெயரில் மட்டும் சாதி வாசனை. ஒரே படிப்புக்கு உயர்சாதிப் பெயரைக் கூப்பிட்ட கம்பெனி தலித் பெயரைக் கூப்பிடவில்லை. தனியார் துறையில் தகுதி, திறமை என்று பீற்றியவன் வாயை அடைத்தது அந்த ஆய்வு. வெளிநாட்டானோடு கைகோத்தார்கள், கேள்வியை மட்டும் கைவிடவில்லை.

ஆகவே 'யார் பணம்' என்பதைவிடக் கறாராகக் கேட்க வேண்டிய கேள்விகள் வேறே இருக்கின்றன. தலைப்பை யார் வைத்தது? குழுவில் யார் உட்காருகிறார்கள்? இந்த இரண்டு கேள்வியையும் நமக்கு முன்னால் கேட்டவர் ஒருவர் இருக்கிறார். அந்தக் கடிதத்தை அமைதி ஃபண்டுக்கு மனு போடுகிற ஒவ்வொருவரும் படித்தாக வேண்டும்.

1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தம். தனித்தொகுதி போயிற்று. எரவாடா சிறையில் ஒரு உயிரைக் காப்பாற்ற ஒரு சமூகத்தின் அரசியல் உரிமையை விட்டுக்கொடுக்க வைத்தார்கள். இந்தியாவின் மிகப் பெரிய சமாதானக் கூட்டம் அதுதான். கையெழுத்தின் ஈரம் காய்வதற்குள் பம்பாயில் தீண்டாமை எதிர்ப்புக் கழகம் தொடங்கினார்கள், பின்னால் ஹரிஜன சேவக சங்கம் என்று ஆனது அதுதான். தலைவர் ஜி.டி. பிர்லா, செயலாளர் ஏ.வி. தக்கர். பணம் இருக்கிறது, கிளைகள் இருக்கின்றன. இன்றைய வார்த்தையில் சொன்னால் ஒரு பெரிய டோனர் ஏஜென்சி. வட்டமேசை மாநாட்டுக்காக லண்டனுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த அம்பேத்கர் நவம்பரில் தக்கருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். இந்தப் பணத்தை எப்படிச் செலவழிக்க வேண்டும் என்று. தனிமனிதனைத் திருத்துகிற வேலையில் காசைக் கொட்டாதீர்கள். குடிக்காதே, குளி, படி என்று சொல்வதற்கு ஒரு சங்கம் வேண்டாம். கிணறு, பள்ளிக்கூடம், பொதுச்சாலை என்று குடிமை உரிமையை நிலைநாட்டுகிற இயக்கத்தைக் கிராமம் கிராமமாக நடத்துங்கள் என்றார். அப்படி நடத்தினால் ஊரில் கலவரம் வரும், மண்டை உடையும், இரண்டு பக்கமும் வழக்கு நடக்கும் என்று அவரே எழுதியிருக்கிறார். தெரிந்துதான் சொன்னார். சேதாரத்தைப் பார்த்து எதிர்ப்பில்லாத வழியில் போனால் ஒன்றும் நடக்காது என்பது அவர் வாதம். அதாவது, ஒரு நிதிக்குழுவிடம் போய் 'உங்கள் காசை வைத்து ஊரின் அமைதியைக் கெடுங்கள்' என்று மனு கொடுத்த முதல் ஆள் நம்ம ஆள்தான்.

பதில் வரவில்லை. கடிதம் கிடைத்தது என்றுகூட ஒரு வரி எழுதவில்லை. 1945ல் வந்த 'காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன' என்ற புத்தகத்தில் அம்பேத்கர் இதையெல்லாம் பதிவு செய்திருக்கிறார். சங்கத்தின் நிர்வாகக் குழுவில் தீண்டப்படாதவர்களைச் சேருங்கள் என்று கேட்டபோது காந்தி சொன்ன பதிலும் அதில் இருக்கிறது: இது பாவம் செய்த இந்துக்கள் கட்ட வேண்டிய கடன், ஆகவே நிர்வாகம் அவர்கள் கையில்தான் இருக்க வேண்டும் என்றாராம். வங்கிக்காரன் மூளைக்கு இது எட்டவே மாட்டேன் என்கிறது. கடன்காரன் கடனை ஒப்புக்கொள்கிறான். ஆனால் எவ்வளவு கட்டுவது, எப்போது கட்டுவது, கட்டினானா இல்லையா என்று கணக்குப் பார்ப்பது எல்லாமே கடன்காரன்தான். கடன் கொடுத்தவன் வராந்தாவில் நிற்க வேண்டும். எந்த ஊர் பேரேட்டில் இப்படிக் கணக்கு எழுதுகிறார்கள்?

அந்தப் பேரேடு இன்னும் மூடப்படவில்லை. இன்றைக்கும் தலித் பற்றிய ஆய்வு என்றால் முதன்மை ஆய்வாளர் யார்? நகரத்துப் பேராசிரியர். 'கள ஆய்வாளர்' யார்? காலனிப் பையன். அவன் தன் அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அத்தை புருசனை வெட்டிய கதையை அத்தையிடமே கேள்வித்தாள் வைத்துக் கேட்டு, மூன்றாம் நம்பர் கட்டத்தில் டிக் போட வேண்டும். அவனுக்கு நாள் கூலி. அத்தைக்கு ஒரு டீ. புத்தகம் வெளிநாட்டில் அச்சாகிறது; நம்மூர்க் கடைக்கு வருவதில்லை, வந்தாலும் வாங்க முடியாது. நன்றியுரையில் 'கிராம மக்களுக்கு' ஒரு வரி. நம்ம சாதியில் பிறந்தவர்கள் நடத்துகிற சில அமைப்புகளும் இந்தப் பழக்கத்தை அப்படியே சுவீகாரம் எடுத்துக்கொண்டன. வருசக்கணக்கில் ஓட்டல் அரங்கத்தில் பயிலரங்கு, ஃபைல், பேனா, மதியம் பிரியாணி, படியோடு பயணப்படி. டைரக்டர் வீட்டுக்குக் காரு. களப்பணியாளப் பெண்ணுக்கு மூணு மாசச் சம்பளப் பாக்கி. இதைச் சொன்னால் 'இயக்கத்தைக் காட்டிக்கொடுக்கிறான்' என்பார்கள். பாக்கியைக் கொடுத்துவிட்டுப் பேசுங்கள் ஐயா.

கடலுக்கு அந்தப் பக்கம் அமைதிக்காகக் கொட்டிய அளவு பணம் நம்ம பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை. 2002ல் நார்வே நடுவில் நின்று ஈழத்தில் போர்நிறுத்தம். 2003 ஜூனில் டோக்கியோவில் நாடுகள் கூடி 450 கோடி டாலர் தருவதாக வாக்குக் கொடுத்தன. புலிகள் அந்த மாநாட்டுக்குப் போகவில்லை. 2009 மேயில் அந்த அமைதி எப்படி முடிந்தது என்று நான் எழுத வேண்டியதில்லை. ஒரே ஒரு விசயத்தை மட்டும் இங்கே சொல்கிறேன். 1990ல் வலிகாமம் வடக்கிலிருந்து ராணுவம் விரட்டிய சனங்களில் நிலமும் வெளிநாட்டில் உறவும் இருந்தவர்கள் எப்படியோ முகாமை விட்டு வெளியேறினார்கள். போர் முடிந்து பல வருசம் கழித்தும் யாழ்ப்பாண முகாம்களில் தங்கிக் கிடந்தவர்களில் பெரும்பாலோர் காணி இல்லாத ஒடுக்கப்பட்ட சாதிகள். சிங்களவருக்கும் தமிழருக்கும் இடையில் அமைதி கட்ட வந்த காசுக்கு, தமிழருக்குள் காணி யார் கையில் இருக்கிறது என்று கேட்கக் கட்டம் இல்லை. கே. டானியல் 'பஞ்சமர்' நாவலில் எழுதிய சனங்கள் டோக்கியோவின் எந்தத் தரப்பிலும் இல்லை.

இப்போது இன்னொரு நிலைமை வந்திருக்கிறது. குழாயே வற்றுகிறது. 1.5 பில்லியன் பவுனில் வளர்ச்சி ஆய்வு நிதி என்று பிரிட்டன் 2015ல் அறிவித்தது. 2021ல் உதவித்தொகையை தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டிலிருந்து 0.5 ஆக்கியதும் ஓடிக்கொண்டிருந்த ஆய்வுகளையே பாதியில் வெட்டினார்கள். 2027ல் அது 0.3 ஆகும் என்று 2025 பிப்ரவரியில் அறிவித்தார்கள். அந்தக் காசு ராணுவத்துக்காம். அமெரிக்காவில் 1961ல் தொடங்கிய யு.எஸ். எய்டு 2025 ஜனவரியில் முடக்கப்பட்டது, மார்ச்சில் திட்டங்களில் 83 விழுக்காடு ரத்து, ஜூலை 1ல் கடையையே இழுத்து மூடினார்கள். அவர்கள் நாடாளுமன்றமே 1984ல் ஏற்படுத்திய அமைதி நிறுவனத்தின் கட்டடத்துக்குள் 2025 மார்ச்சில் போலீசோடு நுழைந்து பிடித்துக்கொண்டார்கள். அமைதிக்கு ஃபண்டு கொடுத்தவன் வீட்டிலேயே இந்தச் சமாதானம். இதைப் பார்த்துக் கைதட்டுகிற தோழர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ஏகாதிபத்தியம் ஒன்றும் சாகவில்லை, சர்க்கரை தடவுவதை நிறுத்திக்கொண்டது. மூடிய கடைகளில் நம்ம பிள்ளைகள் வேலை பார்த்த கடையும் உண்டு.

மிச்சம் இருக்கிற காசுக்குப் போட்டி கூடும். போட்டி கூடினால் விண்ணப்பத்தில் குனிவது கூடும். 'சாதி' என்று எழுதினால் தள்ளிவிடுவான் என்று 'பின்தங்கிய சமூகங்கள்' என்று எழுதுவோம். 'கொலை' என்பது 'பதற்றம்' ஆகும். 'பஞ்சமி நிலம்' என்பது 'இயற்கை வள மேலாண்மை' ஆகும். 1892ல் வெள்ளைக்கார அரசாங்கம் டிரமென்ஹீர் அறிக்கைக்குப் பிறகு நமக்கென்று ஒதுக்க ஆரம்பித்த நிலம், 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. அதைக் கேட்டு 1994 அக்டோபர் 10ல் செங்கல்பட்டில் போராடியபோது போலீஸ் துப்பாக்கிக்கு ஜான் தாமசும் ஏழுமலையும் பலியானார்கள். காரணை நிலத்தை எந்த நிதி நிறுவனத்தின் சொல்லிலும் எழுத முடியாது. எழுதினால் அந்த இரண்டு பேர் இல்லாமல் போய்விடுவார்கள்.

அதனால் விண்ணப்பம் போடுகிற தோழர்கள் போடுங்கள். தடுக்க நான் யார்? மாசம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறவன். ஆனால் தலைப்பைத் திருத்திவிட்டுப் போடுங்கள். தரப்புகள் என்ற கட்டத்தைக் குறுக்கே அடித்துவிட்டு 'குற்றம் செய்தவர், பாதிக்கப்பட்டவர், வேடிக்கை பார்த்த அரசாங்கம்' என்று எழுதுங்கள். முதன்மை ஆய்வாளர் பெயர் இருக்கும் இடத்தில் சேரியில் பிறந்து முனைவர் பட்டம் வாங்கியவரின் பெயரைப் போடுங்கள், பேராசிரியர் வேண்டுமானால் ஆலோசகராக இருந்துகொள்ளட்டும். பட்ஜெட்டில் நில ஆவணங்களுக்கு நகல் கட்டணம், சர்வேயர் செலவு, சாட்சிகள் கோர்ட்டுக்கு வந்துபோகப் பஸ் காசு, சாட்சி சொன்னதால் கூலி வேலை கிடைக்காமல் போகிற குடும்பத்துக்கு ஆறு மாச அரிசி, வக்கீல் ஃபீஸ் என்று வரிவரியாக எழுதுங்கள். திரட்டுகிற தகவல் தமிழில் அச்சாகி அந்தந்த ஊருக்கே முதலில் திரும்பி வரும் என்று நிபந்தனையாகச் சேருங்கள். கள ஆய்வாளருக்கு நாள் கூலி கிடையாது, மாசச் சம்பளம், புத்தகத்தில் பெயர்.

எதிர்பார்க்கப்படும் பலன் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று யோசிக்க வேண்டாம். கப்பலிலிருந்து எழுதிய அந்தக் கடிதத்தைத் தமிழாக்கி இணைத்துவிடுங்கள். மறுப்பு வந்தால் மறுப்புக் கடிதத்தையும், பதிலே வராவிட்டால் அனுப்பிய தேதியையும் இதழ் முகவரிக்கு அனுப்பி வையுங்கள். அச்சிடுகிறோம்.